அட்டையைப் பையிலேயே வை

"வணக்கம். ராட்னி கிவெலாவுக்கான மருந்து தயாராக உள்ளது. இன்று கடை மூடுவதற்குள் பெற்றுக்கொள்ளாவிட்டால் அது மீண்டும் அலமாரிக்கு அனுப்பப்படும். நன்றி."

பதவிசான பெண் குரல். ஆனால் அது இயந்திரம். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க வழியில்லை.

மார்லிஸ் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். காலை டிரிப்பை முடித்துப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். அவள் ஓட்டும் மஞ்சள் பள்ளி பஸ் வெளியே உறுமல் அடங்கி நின்றது.

வழக்கமாக இந்தக் குரல் ராட்னியின் செல்லுக்குத்தான் போகும். போன வாரம் ஏரிப் பனியில் மீனுக்குத் துளை போட்டுக் குனிந்தவன், மீன் பிடிப்பதற்குப் பதிலாகச் செல்லை உள்ளே விட்டுவிட்டு வந்தான். அதனால் குரல் வீட்டு எண்ணைத் தேடி வந்திருக்கிறது. சுப்பீரியர் ஏரி விழுங்கியது செல்லை மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தாள். பொய் ஒன்றையும் அது கரையில் துப்பியிருக்கிறது.

ஏனென்றால் டிசம்பரிலேயே அவன் சொல்லியிருந்தான், "பிப்ரவரி வரைக்கும் சேர்த்து மருந்து வாங்கிட்டேன், கவலைப்படாத" என்று.

கவலைப்படக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மான்வேட்டைக் கூடாரத்தில் அவன் நெஞ்சு தறிகெட்டு ஓடியதும், ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனதும் ஆல்டர் பே ஊர் முழுக்கத் தெரிந்த கதை. "காலையும் ராத்திரியும் ஒரு கேப்ஸ்யூல். ஒரு வேளைகூட விடக்கூடாது. அடுத்த தடவை ஹெலிகாப்டர் வரும்வரைக்கும் உங்க இதயம் காத்திருக்காது" என்று டாக்டர் சொன்னபோது மார்லிஸ் பக்கத்தில்தான் இருந்தாள். அது கிவெலா குடும்பத்துச் சொத்து. அக்கா ஆர்லீனுக்கும் அதே கோளாறு, அதே டாக்டர், அதே கேப்ஸ்யூல்.

பேர் சொல்ல வந்ததுபோல் போன் அடித்தது. ஆர்லீன்தான்.

"மார்லிஸ், இன்னிக்கு சர்ச்சுல பேஸ்டிக்கு மாவு தேய்க்க என்னால வர முடியாது. நீ போய்ச் சொல்லிடு."

"ஏன், என்ன ஆச்சு? நூத்தியம்பது பேஸ்டிக்கு ஆர்டர் இருக்கு. நீ இல்லாம அங்க யாருக்கு வேலை ஓடும்?"

"நீ போய் மடி. ஓரத்தை மட்டும் நல்லா அழுத்தி மடி. உன் பேஸ்டி அடுப்புக்குள்ளயே வாயைத் திறந்துடும், கறியும் உருளைக்கிழங்கும் வெளிய நடந்து வரும்."

"சரி சரி. உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"போனை எடுக்க ஓடி வந்தேன். அதை விடு. ராட் எப்படி இருக்கான்? மாத்திரை ஒழுங்காப் போடறானா?"

தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் அவளுக்கு அந்தக் கவலை ஓயவில்லை. மற்ற நாளாக இருந்தால் மார்லிஸ் பதிலுக்கு ஏதாவது சுருக்கென்று சொல்லியிருப்பாள். இன்று "கேக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

குளியலறை அலமாரியைத் திறந்தாள். ஆரஞ்சு நிறச் சீசா இருந்தது. உள்ளே கேப்ஸ்யூலும் இருந்தது. அதே நிறம், அதே எழுத்து. அப்படியானால் வாங்காத மருந்து சீசாவுக்குள் எப்படி வந்தது?

சீசாவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனாள்.

ராட்னி மரம் அறுக்கும் இயந்திரத்தைக் குடல் குடலாகப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் வேலை பார்த்த காகித ஆலை மூடியதிலிருந்து அந்த இயந்திரம் பழுதே இல்லாமல் பல தடவை பழுதுபார்க்கப்பட்டிருந்தது.

"ராட், மருந்துக் கடையிலேருந்து போன். உன் மருந்து அங்க தவம் கிடக்குதாம்."

ஸ்பேனர் நின்றது.

"டிசம்பர்ல வாங்கிட்டேன்னு சொன்ன."

"போனேன்."

"போனியா, வாங்கினியா?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். அழுக்கு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "நானூத்துப் பன்னண்டு டாலர்னு சொன்னா அந்தப் பொண்ணு. ஒரு மாசத்துக்கு. இந்தப் புது இன்சூரன்ஸ்ல அவ்வளவாம். ஆலை இன்சூரன்ஸ் இருந்தப்போ பத்து டாலர்தான் கொடுத்துட்டிருந்தேன், மார்லிஸ்."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? எனக்குப் பின்னாடி பாஸ்டர் பொண்டாட்டி நிக்கறா. அவளுக்குப் பின்னாடி பாதி ஊர். 'பர்ஸை வண்டில விட்டுட்டேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வேற விலைல கிடைக்குமான்னு ஒரு வார்த்தை கேக்கலையா?"

"பில் சொன்னப்புறம் பேரம் பேச, நான் என்ன பழைய கார் வாங்கவா போனேன்?"

அதுதான் ஆல்டர் பே. பழைய லாரி ஒன்று வாங்கப் போனால் சக்கரத்தை உதைத்து, எஞ்சினை மோந்து, விற்பவனை அழவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். ஆனால் மருந்துக் கவுண்டரில் எல்லோருக்கும் வாய் கட்டிவிடும். அங்கே விலை கேட்பது கையில் காசு இல்லை என்று ஊருக்குத் தண்டோரா போடுவதற்குச் சமம். சொன்னதைக் கொடு, இல்லாவிட்டால் பர்ஸை மறந்துவிட்டு வா. எத்தனை பர்ஸ்கள் அந்த ஊரில் வண்டியிலேயே கிடக்கின்றன என்பது கவுண்டர்காரிக்குத்தான் தெரியும்.

"அப்ப இந்தச் சீசால இருக்கறது?"

"மிச்சம்" என்றான் ராட்னி, இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு வேளைக்கு ஒரு வேளை போடறேன். இழுத்துக்கிட்டு வரேன். ஒண்ணும் ஆகலையே?"

மார்லிஸுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. ராத்திரி ராத்திரி இவன் பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"இன்னிக்கு ராத்திரி நீ முழு மருந்து போடற" என்றாள். "நான் வாங்காம வரமாட்டேன்."

"மார்லிஸ், கவுண்டர்ல போய்க் கெஞ்சாத. நம்ம வீட்டுல யாரும் கெஞ்சினதில்லை."

"கெஞ்சப் போறேன்னு யார் சொன்னா? கேக்கப் போறேன்."

சாயங்கால டிரிப்புக்குப் பஸ்ஸை எடுக்கும்வரைதான் அவளுக்கு நேரம். ராட்னியின் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் சர்ச்சுக்குப் போன் போட்டு, மாவு தேய்க்க ஆர்லீனும் வரமாட்டாள், நானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்துப் புலம்பலைக் கேட்க அவளுக்குப் பொழுதில்லை.

நெடுஞ்சாலையோரத்துப் பெரிய மருந்துக் கடையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். கவுண்டரில் கெய்லா. இரண்டாம் வகுப்பு படித்தபோது மார்லிஸ் ஓட்டிய பஸ்ஸின் முன் சீட்டில் வாந்தி எடுத்தவள். இப்போது வெள்ளைக் கோட்டில் விறைப்பாக நின்றாள்.

"மிஸஸ் கே! மிஸ்டர் கிவெலா மருந்துதானே? நானூத்துப் பன்னண்டு" என்றாள் தணிந்த குரலில். விலை சொல்லும்போது எல்லோரிடமும் அவளுக்குக் குரல் தணிந்துவிடும்.

மார்லிஸ் குரலைத் தணிக்கவில்லை. பின் சீட்டுப் பையன்கள்வரை கேட்கப் பழகிய குரல் அது. "அட்டை இல்லாம எவ்வளவு, கண்ணு?"

"அட்டை இல்லாமலா?"

"ஆமா. எனக்கு இன்சூரன்ஸே இல்லைன்னு வெச்சுக்கோ. சும்மா தெருவிலேருந்து உள்ள வந்தவ. எனக்கு என்ன விலை?"

பின்னால் யாரோ இருமினார்கள். மார்லிஸின் காது மடல் சுட்டது. ஆனாலும் திரும்பவில்லை.

கெய்லா தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். "இருநூத்தி எழுபது. தள்ளுபடிக் கூப்பன் ஒண்ணு இருக்கு, யார் வேணா போட்டுக்கலாம். அதைப் போட்டா நூத்தித் தொண்ணூறு."

"அப்படின்னா மாசாமாசம் இன்சூரன்ஸுக்குப் பணமும் கட்டி, அந்த அட்டையை இங்க நீட்டி, டபுளா வேற அழணுமா?"

"உங்க பிளான்ல முதல் நாலாயிரம் டாலர் உங்க கைக்காசு, மிஸஸ் கே. அது தீர்ந்தாத்தான் அவங்க கொடுப்பாங்க. அதுவரைக்கும் அவங்க பேசி வெச்ச விலைதான் உங்களுக்கு. அந்த விலை சில மருந்துக்கு நல்லா இருக்கும். சிலதுக்கு இப்படி."

"இதை டிசம்பர்லயே அவர்கிட்ட ஏன் சொல்லலை?"

கெய்லாவின் முகம் சிவந்துபோனது. "அவர் பர்ஸை எடுக்கப் போறேன்னு சொன்னார். யாரும் கேக்கறதில்லை, மிஸஸ் கே. கேக்காம நானாச் சொன்னா, 'என்கிட்ட காசு இல்லைன்னு நினைச்சியா'ன்னு சண்டைக்கு வராங்க."

மார்லிஸுக்கு அவள் மேல் கோபப்பட முடியவில்லை. ராட்னியிடம் சொல்லியிருந்தால் அவனும் அதையேதான் கேட்டிருப்பான்.

"நூத்தித் தொண்ணூறும் எனக்கு ஏணி வெச்சாலும் எட்டாது" என்றாள். "ஏன் இவ்வளவு விலை? உள்ள தங்கம் அரைச்சுப் போட்டிருக்கா?"

கெய்லா முன்னால் சாய்ந்தாள். "இது மெதுவாக் கரையற கேப்ஸ்யூல். நாளைக்கு ரெண்டு போதும். இதே மருந்து சாதா மாத்திரையாவும் வருது. அது நாளைக்கு மூணு தடவை போடணும். விலை ரொம்பக் கம்மி. ஆனா நாங்களா மாத்த முடியாது, டாக்டர் எழுதணும். அப்புறம் இன்னொண்ணு, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. கடைக்குக் கடை விலை வேற. நாலு இடத்துல போன் போட்டுக் கேளுங்க."

மார்லிஸ் திரும்பினாள். பின்னால் நின்றவள் பாஸ்டரின் மனைவி ஜூடித். கையில் நீட்டத் தயாராக இன்சூரன்ஸ் அட்டை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே சேதி போய்விடும் என்று மார்லிஸ் நினைத்தாள்.

ஜூடித் கவுண்டருக்கு நகர்ந்தாள். அட்டையை மெல்லப் பைக்குள் வைத்தாள். "கெய்லா, எனக்கும் ஒரு தடவை பாரேன்" என்றாள். "அது இல்லாம."

மார்லிஸ் சிரித்துக்கொண்டே லாரிக்கு ஓடினாள்.

ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போன் போட ஆரம்பித்தாள். மருந்தின் பெயர், சாதா மாத்திரை, மூன்று மாதத்துக்கு, இன்சூரன்ஸ் இல்லாமல். ஒரு கடைக்காரன் நூற்றுப் பத்து என்றான். சூப்பர்மார்க்கெட்டில் எழுபது. ஒரு இடத்தில் இசையைக் கேட்கவைத்தே கொன்றார்கள். அதே மாத்திரை, ஒரே ஊரைச் சுற்றி, ஆளுக்கொரு விலை. பெட்ரோலுக்கு இப்படி விலை வைத்தால் கலவரம் வந்துவிடும்.

கடைசியாகப் பழைய மெயின் தெருவில் இருக்கும் பெர்டுச்சி மருந்துக் கடை. கடைக்காரி ஜீனா பெர்டுச்சி, மார்லிஸோடு பள்ளியில் படித்தவள்.

"மூணு மாசத்துக்கா? முப்பத்தொண்ணு" என்றாள் ஜீனா.

"ஒரு மாசத்துக்கு முப்பத்தொண்ணா?"

"காது கேக்கலையா? மூணு மாசத்துக்கு. டாக்டர் புதுசா எழுதி அனுப்பட்டும், உடனே தரேன். ஆனா மார்லிஸ், இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உன் டாக்டர் மத்தியானத்தோட கடையைக் கட்டிடுவார்."

டாக்டர் ஆபீஸில் போனை எடுத்தது இன்னொரு இயந்திரம். செய்தியை விடுங்கள், இரண்டு வேலை நாளில் பதில் வரும் என்றது. இன்று செய்தி விட்டால் பதில் அடுத்த வாரம்தான். மார்லிஸ் செய்தி எதையும் விடவில்லை. நேரே போய் நின்றுவிட்டாள்.

"அப்பாயின்ட்மென்ட் இல்லாம பார்க்க முடியாது" என்றாள் நர்ஸ். "ஒரு குறிப்பு வெச்சுட்டுப் போங்க. திங்கக்கிழமை டாக்டர் பார்ப்பார்."

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவ. ஏற வேண்டிய புள்ளை ஏறாம நான் வண்டியை நகர்த்தினதில்லை. டாக்டர் வீட்டுக்குப் போறப்ப இந்தக் கதவு வழியாத்தானே போவார்? நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தாள். கோட்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது எழுந்து போகிறவள் உட்காரும் விதமில்லை என்று நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போனாள். கொஞ்சநேரத்தில் டாக்டரே வெளியே வந்தார்.

மார்லிஸ் சுற்றி வளைக்கவில்லை. "ராட்னி பாதி மருந்துதான் போட்டுட்டிருக்கார், டாக்டர். விலை ஏறினதுலேருந்து."

டாக்டரின் முகம் மாறியது. "எவ்வளவு நாளா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க விலையைக் கேட்டீங்களா? எழுதறப்போ 'இதை உங்களால வாங்க முடியுமா'ன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"எழுதறப்போ எனக்கு விலை தெரியறதில்லை, மிஸஸ் கிவெலா" என்றார். சாக்குச் சொல்வதுபோல் இல்லை, வெட்கப்படுவதுபோல் இருந்தது. "ரெண்டு வேளையோட முடியுதேன்னு கேப்ஸ்யூல் எழுதினேன். மாத்திரை தாராளமாப் போடலாம். மூணு வேளையையும் மறக்காம இருந்தாப் போதும்."

"மறக்க நான் விடமாட்டேன்."

"இன்னிக்கு ராத்திரிலேருந்து மாத்திரை. ரெண்டையும் சேர்த்துப் போடக்கூடாது, கேப்ஸ்யூலை நிறுத்திடுங்க. திங்கக்கிழமை காலையில அவரை ஈசிஜிக்குக் கூட்டிட்டு வாங்க. நடுவுல மூச்சு வாங்கினாலோ தலை சுத்தினாலோ ஆம்புலன்ஸ்தான், யோசிக்காதீங்க. பாதி டோஸ்ல முதல்ல தெரியறது அதுதான், சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும்."

எழுதியது கம்ப்யூட்டர் வழியாக ஜீனாவுக்குப் போனது. மார்லிஸ் அங்கே போய்ச் சேரும்போது ஜீனா மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பழக்கதோஷம். கவுண்டரை நெருங்கியதும் அவள் கை தானாகப் போய் இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து நீட்டியது.

"அட்டையைப் பையிலேயே வை" என்றாள் ஜீனா. "இதை நான் போட்டா, உன் இன்சூரன்ஸ்காரன் பேசி வெச்ச விலை வரும். நாப்பத்தாறு. வேணுமா?"

மார்லிஸ் அட்டையைச் சுடுகிற பாத்திரம்போல் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு, தெரிஞ்சுக்கோ" என்றாள் ஜீனா. "இப்படி வாங்கினா அந்த நாலாயிரத்துக் கணக்குல இது சேராது. இந்த வருஷம் பெரிய ஆபரேஷன் ஏதாவது வர்றதா இருந்தா அட்டையைப் போடறதுதான் லாபம். மருந்து மட்டும்தான்னா இதுதான் லாபம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு விலையும் கேளு. கேட்டா எந்தக் கடையிலயும் அடிக்க மாட்டாங்க."

"ராட்னிகிட்ட நீயே வந்து சொல்லு."

"அவனா? ஸ்கூல்ல ஜன்னலை உடைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கறதை விடச் சஸ்பெண்ட் ஆகறேன்னு போனவனாச்சே."

இருவரும் சிரித்தார்கள். மார்லிஸ் கோட்டுப் பையிலிருந்த பழைய சீசாவை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். "இந்த மிச்சத்தை என்ன செய்யறது? டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்."

ஜீனா சீசாவைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி மறுபடி பார்த்தாள்.

"இது அக்டோபர்ல வாங்கினது, மார்லிஸ். ஒரு மாச மருந்து. நாளைக்கு ஒண்ணுன்னு இழுத்தாலும் கிறிஸ்துமஸுக்கே காலியாகியிருக்கணும். இப்ப ஜனவரி பாதி. இதுல இன்னும் இவ்வளவு இருக்கே?"

சாயங்கால டிரிப் முழுக்க அந்தக் கேள்வி மார்லிஸோடு பஸ்ஸில் வந்தது. பிள்ளைகள் பின்னால் கத்தினார்கள், பாடினார்கள், யாரோ யாருடைய தொப்பியையோ ஜன்னல் வழியாக எறிந்தார்கள். அவள் கண் சாலையில்தான் இருந்தது. காலையில் கராஜில் 'மிச்சம்' என்று சொன்னபோது ராட்னி அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் புது மருந்தை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் ஆரஞ்சுச் சீசா.

ராட்னி விலைச்சீட்டைப் படித்தான். "முப்பத்தொண்ணா? மூணு மாசத்துக்கா?" நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தப் பெரிய உடம்பிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. "அப்பாடா. அவளுக்கும் இனிமே நான் தொந்தரவு கொடுக்க வேண்டாம்."

"எவளுக்கு?"

அவன் விலைச்சீட்டை மடிக்கத் தொடங்கினான்.

"ராட், இதுல இருக்கற கேப்ஸ்யூல் யாரோடது?"

"ஆர்லீனோடது" என்றான். "கோவிச்சுக்காத. நான் கேக்கலை, சத்தியமாக் கேக்கலை. என் சீசா காலியா இருக்கறதை அவளே பார்த்துட்டா. அவளுக்கு அரசாங்க இன்சூரன்ஸ், மருந்துக்கு ரொம்பக் கம்மியாத்தான் காசு கொடுக்கறா. டாக்டர் அவளுக்கு ஒரு வேளையாக் குறைச்சிட்டாராம். மிச்சம் வீணாப் போகுதுன்னு எனக்குத் தந்தா."

"எப்பக் குறைச்சாராம்?"

"டிசம்பர் செக்கப்புல. நீதானே அவளைக் கூட்டிட்டுப் போன."

மார்லிஸ் கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

"ஆமா, நான்தான் கூட்டிட்டுப் போனேன். உள்ளயும் அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். டாக்டர் ஒண்ணையும் குறைக்கலை, ராட். 'இப்படியே ரெண்டு வேளையும் போடுங்க'ன்னுதான் சொன்னார்."

ராட்னி அவளை நிமிர்ந்து பார்த்தான். சொன்னது அவனுக்குள் இறங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

காலையில் கேட்ட அந்த மூச்சு இப்போது அவள் காதில் மறுபடி கேட்டது. போனை எடுக்க ஓடி வந்தேன் என்றாளே. கூப்பிட்டதே அவள்தான். கூப்பிடுகிறவள் எதை எடுக்க ஓடி வருவாள்?

மார்லிஸ் வீட்டுப் போனை எடுத்து ஆர்லீனின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. செல்லுக்குப் போட்டாள். அதுவும் இல்லை. ஆர்லீனின் வீடு ஏரிக்கரையில், இந்தப் பனியில் லாரி போய்ச்சேர அரைமணி நேரம் ஆகும்.

"பக்கத்து வீட்டுல யாராவது..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். ஆர்லீனின் பக்கத்து வீட்டில் இருப்பவன் பாய்ட் நீமி. அவள் நிலத்து எல்லையில் நின்ற ஒரு மரத்தை அவன் வெட்டியதற்காக ராட்னி அவனோடு பேச்சை முறித்து வருஷக்கணக்காகிறது. சர்ச்சில்கூட இருவருக்கும் எதிரெதிர் வரிசை.

ராட்னி எழுந்தான். அவள் கையிலிருந்து போனை வாங்கினான். எண்ணை அவன் தேடவில்லை, மனப்பாடமாக இருந்தது.

"பாய்ட், நான் ராட் கிவெலா." தொண்டையைச் செருமினான். "எனக்கு ஒரு உதவி வேணும். கேக்கறேன். எங்க அக்கா போனை எடுக்கலை. நீ கொஞ்சம் போய்க் கதவைத் தட்டிப் பாரு. தயவுசெஞ்சு. இப்பவே."

கெஞ்சினதில்லை என்று காலையில் சொன்ன அதே குரல்தான். மார்லிஸுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குத் தன் செல்லில் எண்ணைப் போட்டாள். விவரத்தைச் சொன்னாள், இதயக்கோளாறு, பாதி மருந்து, ஏரிக்கரை வீடு. சொல்லிக்கொண்டே லாரிச் சாவியை எடுத்தாள். ஆரஞ்சுச் சீசாவையும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள். அது அவர்கள் வீட்டு மருந்தில்லை.

ராட்னியின் காதில் இருந்த போனில் பனியை மிதிக்கும் சத்தம் மார்லிஸுக்கே கேட்டது. பிறகு பாய்டின் குரல்.

"ராட், வாசல்ல பாதிவரைக்கும் பனியை வாரியிருக்கா. மண்வாரி அப்படியே கிடக்குது. அது மேலயும் பனி விழுந்து மூடியிருக்கு. கதவு பூட்டலை. நான் உள்ள போறேன். நீ லைன்லயே இருக்கியா?"

"இருக்கேன்" என்றான் ராட்னி. "போ, பாய்ட். நான் இங்கதான் இருக்கேன்."